போணிக் குண்டு

பலூன் சுடும் கடை வைத்திருப்பவர்களைப் பற்றி ஊருக்கு ஒரே அபிப்பிராயம்தான். துப்பாக்கியைக் கோணலாக வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அப்படி ஒருவருக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். வந்து பார்த்தால் மனுஷன் நேரான துப்பாக்கி வைத்திருக்கிறார். பிழைக்கத் தெரியாத ஆளுக்கு வாக்கப்பட்டுவிட்டேனே என்று முதல் வருஷம் முழுக்க எனக்கு ஆத்திரம்.

காரிமங்கலம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பலூன். மழையைவிடப் பலூன் எங்களை அதிகம் காப்பாற்றியிருக்கிறது. சந்தை, மாரியம்மன் பண்டிகை, தேர் என்று எங்கே கூட்டமோ அங்கே எங்கள் கடை. தடிமனான ஒரு பெரிய பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு பலூன். பலகைக்கு முன்னால் இரண்டு ஏர்கன்னோடு அவர் நிற்பார். பின்னால் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். பலூன் ஊதுவது, உடைந்த இடத்தில் புதிதாகக் கட்டுவது என் வேலை. இத்தனை வருஷத்தில் சுடுகிறவர்கள் முகத்தை நான் பார்த்தது குறைவு. துப்பாக்கி ‘டப்’பென்பதும், பலூன் ‘பட்’டென்பதும், உடையாவிட்டால் யாரோ ‘ச்சே’ என்பதும்தான் எனக்குத் தெரிந்த வியாபாரம்.

மற்றக் கடைக்காரர்கள் யாரும் தங்கள் துப்பாக்கியைத் தாங்களே சுட மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாதா அது எங்கே போகும் என்று. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கடை திறந்ததும் கற்பூரம் காட்டிவிட்டு முதல் குண்டைத் தானே சுடுவார். அதற்குப் போணிக் குண்டு என்று பெயர், அவரே வைத்தது. நடு வரிசையில் நட்டநடுவே ஒரு சிவப்புப் பலூன் கட்டச் சொல்வார். அதை உடைத்துவிட்டு, கூடியிருப்பவர்களைப் பார்த்து, “பாத்துக்கங்க, துப்பாக்கி நேரா இருக்குது. இனிமே தப்புனா உங்க கையைக் கேளுங்க” என்பார். அதற்கப்புறம்தான் வியாபாரம். அந்த ஒரு குண்டைச் சுடுவதற்காகத்தான் இவர் கடையே வைத்திருக்கிறாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். நிலம் போட்டது போட்டபடி கிடக்கும், வீட்டில் ஆயிரம் இருக்கும், போணிக் குண்டு மட்டும் தப்பக்கூடாது. தப்பியதும் இல்லை. “அவரு கடை துப்பாக்கி நேருங்க” என்று சந்தையில் யாராவது சொன்னால் போதும், அன்றைக்கு இரண்டு கவளம் சேர்த்துச் சாப்பிடுவார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் திடீரென்று, துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

“எதுக்குங்க?” என்றேன்.

“பசங்க கேக்கறானுங்க. செல்லுல சுடற கேம்ல எல்லாம் ஸ்கோப் வச்ச துப்பாக்கிதானாம். நம்ம கடையில இல்லன்னா மொட்டைத் துப்பாக்கின்னு போயிடறானுங்க.”

பையன்கள் கேட்டது உண்மைதான். என் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால் நான் மேற்கொண்டு துருவவில்லை. துருவியிருக்க வேண்டும். காலேஜ் படிக்கிற எங்கள் மகள் செல்போனில் தேடி, இருப்பதிலேயே மலிவானதாக ஒன்றை ஆர்டர் போட்டாள். வந்து சேர்ந்தது. கறுப்பாக, வழவழவென்று, சாண் நீளத்துக்கு ஒரு குழாய். இரண்டு பக்கமும் கண்ணாடி. நடுவில் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இரண்டு திருகு.

புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் எடுப்பதா? மிக்சிக்கு வைத்தேன், ஃப்ரிட்ஜுக்கு வைத்தேன், மகளின் செல்போனுக்கே வைத்திருக்கிறேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் சந்தனத்தைக் குழைத்து, முன்பக்கத்துக் கண்ணாடி நல்ல வட்டமாக நெற்றி மாதிரி இருந்ததால் அதன் நடுவிலேயே அழுத்தி ஒரு பொட்டு, மேலே குங்குமம். திருகுகளையும் விடவில்லை. அவர் வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“என்ன புள்ள, உள்ள மூட்டமா இருக்குது?”

“பொட்டு வச்சிருக்கறேங்க.”

“எங்க?”

“மூஞ்சியிலதான்.”

அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தக் குழாயில் பார்த்திருந்தால்கூட அவ்வளவு கிட்டத்தில் தெரிந்திருக்காது. பனியனைக் கிழித்து அரை நாள் துடைத்தார். அதற்கப்புறம் அந்த ஸ்கோப் செய்த எல்லாக் கிறுக்குத்தனத்துக்கும் ஒரு வாரம் என் சந்தனம்தான் காரணம்.

கிறுக்குத்தனம் என்றால் இதுதான். கிணற்று மேட்டில் மணல் மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியை அசையாமல் வைத்து, எதிரில் அட்டை கட்டிச் சுடுவார். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருகைத் திருப்புவார். நாலைந்து தரம் திருப்பியதும் குறியும் குண்டும் ஒன்றாகிவிடும். “வந்துருச்சு” என்று சிரிப்பார். அடுத்த குண்டு சரியாகப் போகும். அதற்கடுத்தது விரற்கடை தள்ளிப் போகும். அப்புறம் இன்னும் தள்ளி. ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் கீழே. அதற்கென்று ஒரு புத்தி இருந்தாலாவது சமாளிக்கலாம். அதுவும் இல்லை.

மகள்தான் கூட வந்த காகிதத்தைப் படித்து விளக்கினாள். “அம்மா, குறி வச்ச எடத்துலயே குண்டு போற மாதிரி ஒரு தடவ திருகி வக்கறதுக்குப் பேரு ஜீரோ. வச்சிட்டா அப்புறம் அசையக் கூடாது. இதுல ஜீரோ நிக்க மாட்டேங்குது.”

“ஜீரோதானே? அது நம்ம வூட்டுல நல்லா நிக்கும், கொஞ்ச நாள் பொறுங்க” என்றேன். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எப்போதும் என் வாய்க்கு ஈடு கொடுத்துச் சிரிக்கிறவர் இந்தக் குழாய் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் பாட்டுக்குத் தினம் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஊதுகுழல், அடுப்படிக் குழாய், மாறுகண் மாப்பிள்ளை.

திருப்பி அனுப்பலாம் என்று மகள் கம்பெனிக்கு எழுதினாள். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது. எங்கள் வீட்டில் யாரிடம் பொறுமை இருந்தது என்று அவர்கள் கண்டார்கள், தெரியவில்லை. பழுதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஸ்கோப்பைப் படம் எடுத்தால் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது. “கோணலை எப்புடிடி போட்டோ எடுக்கறது?” என்று அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், குண்டுகள் திசைக்கொன்றாகத் துளைத்த அட்டையைப் படம் பிடித்து அனுப்பினோம். ‘இந்த அட்டை எங்கள் நிறுவனத்தின் பொருள் அல்ல. எனவே மாற்றித் தர இயலாது’ என்று பதில். கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி வேறு. மகள் ஒரு நட்சத்திரம் போட்டாள். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

அவர் திருகுகளுக்குப் பிளம்பர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினார். சைக்கிள் டியூப்பை வெட்டி அடியில் கொடுத்து முடுக்கினார். கடைசியில் எம்-சீல் வைத்து அப்பினார். சுருள்வில் ஏர்கன் சுடும்போது முன்னும் பின்னுமாக உதறுமாம், மட்டமான ஸ்கோப் அந்த உதறலுக்குத் தாங்காதாம், உள்ளே இருக்கிற கண்ணாடியே ஆடிப் போய்விடுமாம். மகள் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னாள். “கழட்டித் தூக்கிப் போடுங்க. இத்தன வருசம் மொட்டைத் துப்பாக்கியிலதானே போணி பண்ணீங்க?” என்றேன். அவர் காதில் வாங்காமல் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காரிமங்கலம் பக்கம் பண்டிகை வந்தது. முதல் நாள் சாயங்காலம் கடை போட்டோம். ஸ்கோப்பைப் பார்த்ததும் பையன்கள் மொய்த்துவிட்டார்கள். “ண்ணா, எத்தன எக்ஸ் ஜூம்ணா?” என்று ஒரே சத்தம். கற்பூரம் காட்டினார். நான் சிவப்புப் பலூனைக் கட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ‘டப்’ கேட்டது. ‘பட்’ கேட்கவில்லை.

குழலை மடக்கிக் குண்டு போடுகிற சத்தம் கேட்டது. மறுபடி ‘டப்’. குண்டு பலகையில் என் தோளுக்கு நேரே வந்து அறைந்தது. முன்னால் யாரோ சிரித்தார்கள். “ண்ணா, செல்லு கேம் மாதிரி உங்க துப்பாக்கியும் லேக் அடிக்குதுண்ணா” என்றான் ஒரு பையன். “கோணத் துப்பாக்கிடா, வாடா போலாம்” என்றான் இன்னொருவன். பக்கத்தில் வளையம் போடுகிற கடைக்காரர், எத்தனையோ பண்டிகையில் எங்களோடு கடை போட்டவர், எட்டிப் பார்த்து, “என்னங்க, நீங்களும் நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வரவேற்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் தட்டைத் தொடாமல் கை கழுவினார்.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கக் கிணற்று மேட்டுக்குப் போனேன். ஸ்கோப் இல்லாத மொட்டைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரில் சுவர்மேல் ஒரு கொட்டாங்குச்சி. பேப்பர் படிக்கிற மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறி பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார். சுட்டார். கொட்டாங்குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் சுவரில் ஏகப்பட்ட வெள்ளைப் புள்ளி.

நான் வந்ததைப் பார்த்துவிட்டார். “இந்தா புள்ள, இங்க வா. குழல் நுனியில இருக்கற குறி உனக்குத் தெரியுதா?”

கண்ணை வைத்துப் பார்த்தேன். “தெரியுதே.”

“எனக்குத் தெரியல. கண்ணாடி போட்டா குறி தெரியுது, கொட்டாங்குச்சி கலங்கிருது. கழட்டுனா கொட்டாங்குச்சி தெரியுது, குறி போயிருது. ரெண்டும் ஒண்ணாத் தெரிய மாட்டேங்குது.”

“எப்ப இருந்துங்க?”

“ரொம்ப நாளாச்சு. கை பழக்கத்துல அடிச்சிக்கிட்டு இருந்தேன். அதுவும் இப்ப போயிருச்சு.” துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். “அந்தக் குழாயில பாத்தா குறியும் பலூனும் ஒரே எடத்துல பளிச்சுன்னு தெரியுது. அதான் வாங்குனேன்.”

பையன்களுக்காக இல்லை. ஊதுகுழல், மாறுகண் மாப்பிள்ளை என்று நான் வைத்த பெயரெல்லாம் யாருக்கு வைத்ததாக ஆகிவிட்டது. வெட்கத்தோடு கோபமும் வந்தது. எனக்கு எது வந்தாலும் கூடவே கோபம் வரும்.

“என்கிட்ட சொன்னா என்னங்க?”

“சொன்னா போணிய நிறுத்துன்னு சொல்லுவ.”

நிச்சயம் சொல்லியிருப்பேன். இன்னொரு ஸ்கோப் வாங்கலாமா என்றதற்கு, “அதுவும் இந்தத் துப்பாக்கி உதறலுக்கு ஆடித்தான் போவும்” என்றார். “மகள சுடச் சொல்லலாமா?” என்றேன். வாங்கிய விலைக்கு வேறு என்ன கிடைக்கும் என்கிற மாதிரி அந்தக் குழாயையே எடுத்துத் துடைத்து மறுபடி மாட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சாயங்காலமும் கடை போட வேண்டும். மனுஷன் மறுபடி ஊர் முன்னால் நின்று தப்பவிடுவார், நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. பலகையில் நட்டநடு ஆணிக்குப் பக்கத்தில், பழைய ஆணி கழன்ற சின்ன ஓட்டை ஒன்று உண்டு. ஈர்க்குச்சி நுழைகிற அளவுதான், குண்டு வராது. வீட்டில் கிடந்த சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து, கிணற்றங்கல்லில் தேய்த்து நுனியைக் கூராக்கி, பலூன் சாக்கில் போட்டுக்கொண்டேன்.

கற்பூரம் காட்டினார். நேற்றுச் சிரித்த பையன்கள் இன்றைக்கும் சிரிக்கலாம் என்று நின்றுகொண்டிருந்தார்கள் போல, பேச்சுக் குரல் கேட்டது. கம்பியை ஓட்டையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். ‘டப்’. குத்தினேன். ‘பட்’.

அப்புறம் அவர் குரல். “பாத்துக்கங்க, துப்பாக்கி நேரா இருக்குது.” அந்தக் குரலில் இருந்த நிமிர்வைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றக் கடையில் எல்லாம் உடையக்கூடாது என்று தில்லுமுல்லு செய்வார்கள். உடைய வேண்டும் என்று தில்லுமுல்லு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வியாபாரத்துக்கு மொட்டைத் துப்பாக்கியையே கொடுத்தார். ஸ்கோப் வைத்ததைக் கேட்ட பையன்களிடம், “அது போணித் துப்பாக்கி, சாமிக்கு” என்று சொல்லிவிட்டார். நேரான கடை நேராகவே இருக்க வேண்டும் அல்லவா. அதில் கோணலாக இருந்தது பின்னால் உட்கார்ந்திருந்த நான் ஒருத்திதான்.

அதிலிருந்து எங்கே கடை போட்டாலும் கம்பி கூடவே வந்தது. பழகப் பழகக் கை தேறிவிட்டது. ஆனாலும் சத்தத்தைக் கேட்டபிறகுதானே குத்த முடியும், பலூன் கொஞ்சம் பிந்தித்தான் உடையும். ஒரு நாள் அவரே, “இந்த பலூன் ரப்பர் தடிப்பு போல. யோசிச்சு யோசிச்சு உடையுது” என்றார். “மலிவா வாங்குனா அப்படித்தாங்க” என்றேன்.

இண்டூர்ப் பண்டிகையில்தான் வினை வந்தது. ‘டப்’ என்றதும் நான் குத்தினேன். அந்த நொடியிலேயே பக்கத்தில் இன்னொரு ‘பட்’. அவர் குண்டு தள்ளிப் போய் வலப்பக்கத்து மஞ்சள் பலூனை உடைத்திருந்தது. ஒரே குண்டில் இரண்டு பலூன். கூட்டம் கத்திய கத்தலில் ராட்டினத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னொரு தடவண்ணா, இன்னொரு தடவ” என்று பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் மட்டும் நிதானமாக, “போணி ஒரு தடவதான்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நல்ல வியாபாரம். ஆனால் வழக்கம்போல இரண்டு கவளம் சேர்த்துச் சாப்பிடவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அடுத்தது பொம்மிடி. ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் கோயில் பண்டிகை. மத்தியானமே கூட்டம் சேர்ந்துவிட்டது. கற்பூரம், சிவப்புப் பலூன், ‘டப்’, நான் குத்தினேன், ‘பட்’. கைதட்டினார்கள். ஆனால் “பாத்துக்கங்க” வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வாங்க, சுடறவங்க வாங்க” என்று மட்டும் கேட்டது.

கூட்டம் சாமி புறப்பாட்டுக்குக் கலைந்ததும் டீ வாங்கிக்கொண்டு பலகைக்குப் பின்னால் வந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ஈயக் குண்டு.

“இன்னைக்கிப் போணிக்கு நான் குண்டே போடல” என்றார்.

கம்பி என் மடியிலேயே கிடந்தது. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம். அவர் கத்தவில்லை. கம்பியை எடுத்து நுனியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

“எங்க இருந்து?”

“காரிமங்கலத்துல இருந்துங்க. ரெண்டாம் நாள்.”

“எல்லாமா?”

“எல்லாந்தாங்க.”

தூரத்தில் மேளம் கேட்டது. இந்த மனுஷனிடம் மிச்சம் இருந்ததையும் நானே பிடுங்கிவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. டீ ஆறிப்போய்விட்டது. அப்புறம் கேட்டார்.

“இண்டூர்ல ரெண்டு உடைஞ்சுதே. அதுல ஒண்ணு நெசமாவே குண்டு பட்டதுதானே?”

“ஆமாங்க. ஒண்ணு உங்களுது.”

“எது?”

“மஞ்ச.”

“மஞ்சளா” என்றார். வலப்பக்கம் அது கட்டியிருந்த ஆணி எங்கே என்று பலகையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

எழுந்து போகும்போது கம்பியை என் மடியிலேயே போட்டுவிட்டு, குண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். “நாளைக்கும் உக்காரு” என்றார். “ஆனா நான் குண்டு போட்டுத்தான் சுடுவேன்.”

“எதுக்குங்க, அந்தக் குழாய்தான் நிக்க மாட்டேங்குதே?”

“மஞ்ச உடைஞ்சுதில்ல” என்றார்.